மீடியா எம்.ஏ.: இங்கிலாந்தில் ஒரு வருடமா, ஜெர்மனியில் இரண்டு வருடமா?

விஸ்காமோ இதழியலோ முடித்துவிட்டு, மேலே மீடியா படிக்க வெளிநாடு போகலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்: இங்கிலாந்தில் ஒரு வருட எம்.ஏ., இல்லையென்றால் ஜெர்மனியில் இரண்டு வருட எம்.ஏ. நான் ஜெர்மனிக்குப் போனேன். துரிங்கியா மாநிலத்தில் இல்மெனாவ் என்ற சிற்றூர், அங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே நடக்கும் 'மீடியா அண்ட் கம்யூனிகேஷன் சயின்ஸ்'. என் கல்லூரித் தோழி வட இங்கிலாந்துக்குப் போனாள். ஆகவே ஜெர்மனி பற்றி எழுதுவதெல்லாம் நான் வாழ்ந்து பார்த்தது, இங்கிலாந்து பற்றி எழுதுவது பாதி அவள் வழியாகத் தெரிந்தது, மீதி நானே அங்கே ஓர் ஆஃபர் வாங்கி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபோது தெரிந்தது. என் சாய்வு ஜெர்மனி பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். இங்கிலாந்தில் மொழித் தொல்லை இல்லை, நம் கடைகள் உண்டு, ஒரே வருடத்தில் பட்டம் கையில். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோவுக்குள் ஒரு பங்களிப்புத் தொகை மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு, 2017 முதல் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. குளிர் இரண்டு இடத்திலும் உண்டு.

பாடத்திட்டத்தைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. பட்டத்தின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு படிப்பு. பிரிட்டனில் இந்தத் துறை பெரிய அளவில் வளர்ந்தது பண்பாட்டு ஆய்வு வழியாக: ரிச்சர்ட் ஹாகர்ட் 1964-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய மையம், பின்னால் அதை நடத்திய ஸ்டூவர்ட் ஹால், வர்க்கம், இனம், அதிகாரம், ஒரு செய்தியை அனுப்புகிறவர் நினைத்த பொருளில்தான் பார்க்கிறவர் வாங்கிக்கொள்கிறாரா என்ற கேள்வி. அங்கே நீங்கள் நிறைய வாசிப்பீர்கள், கட்டுரை எழுதுவீர்கள், வாதம் செய்வீர்கள். ஜெர்மனியில் கதை வேறு. 1916-இல் லைப்ஸிக்கில் கார்ல் ப்யூஹர் செய்தித்தாள் ஆய்வுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார், அவரே ஒரு பொருளாதார அறிஞர். இன்றைக்கு, குறிப்பாக இல்மெனாவ் போன்ற இடத்தில், இந்தப் படிப்பு முழுக்கச் சமூக அறிவியல்: சர்வே, பரிசோதனை, உள்ளடக்கப் பகுப்பாய்வு, புள்ளியியல்.

உள்ளடக்கப் பகுப்பாய்வு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு பயிற்சியில்தான். பருவநிலைச் செய்திகள் ஒரு கட்டுக் கொடுத்தார்கள், கூடவே எதற்கு என்ன எண் என்று விதி எழுதிய கையேடு, கோட்புக். ஒவ்வொரு செய்தியிலும் 'பழி யார் மேல் விழுகிறது' என்று பார்த்து எண் போட வேண்டும்: 0 என்றால் யார் மேலும் இல்லை, 1 அரசு, 2 நிறுவனம், 3 தனிமனிதர். நானும் பக்கத்தில் இருந்த வியட்நாம் மாணவியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குறித்தோம். பிறகு கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா போட்டுப் பார்ப்பார்கள், இரண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்பதற்கான அளவு அது. 0.8-க்கு மேல் வந்தால் தைரியமாக முடிவு சொல்லலாம், 0.667 வரை வந்தால் தயங்கித் தயங்கிச் சொல்லலாம், அதற்கும் கீழே என்றால் கோட்புக்கைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து. எங்களுக்குக் கீழேதான் வந்தது. காரணம், வெள்ளம் வந்த ஊருக்குப் போன அமைச்சர் மன்னிப்புக் கேட்டார் என்பது மாதிரியான வாக்கியங்கள். நான் 1 போட்டிருந்தேன், அவள் 3. அமைச்சர் அரசா, தனிமனிதரா? இதற்கு ஒரு விதி எழுதி முடிப்பதற்குள் மதியம் போய்விட்டது. 'ஊடகங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன' என்று யாராவது சொன்னால், அதை எப்படி எண்ணினீர்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது. எனக்கு இது பிடித்திருந்தது. கோட்பாடும் விவாதமும்தான் வேண்டும் என்றால், எண்களைக் கண்டாலே அலுப்பு என்றால், இங்கிலாந்துதான் உங்களுக்கு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த இரண்டு எம்.ஏ.வும் நிருபர் பயிற்சி அல்ல. கேமரா, எடிட்டிங், செய்தி எழுத்து கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் ஜர்னலிசம் என்று தெளிவாகப் போட்ட படிப்பைத்தான் தேட வேண்டும்.

சரி, நான் முடிவெடுத்த இடத்துக்கு வருகிறேன். கடன்.

பொறியியல் படிக்கப் போகிறவர் கடன் வாங்குவதும் மீடியா படிக்கப் போகிறவர் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. பொறியியலில் முதல் சம்பளமே பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. மீடியாவில் எந்த நாட்டிலும் தொடக்கம் சிறியது, அதுவும் நல்ல வேலைகளில்தான் இன்னும் சிறியது: ஆவணப்பட உதவி, உள்ளூர்ச் செய்தி, ஆய்வுத் திட்டம், தொண்டு நிறுவனத் தகவல்பிரிவு எல்லாமே ஒப்பந்தம், பாதி நேரம், இன்டர்ன்ஷிப் என்றுதான் ஆரம்பிக்கும். அந்த முதல் இரண்டு மூன்று வருடத்தைத் தாக்குப்பிடிக்கிறவர்தான் துறையில் நிற்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எனக்கு வந்த இங்கிலாந்து ஆஃபரில் கட்டணம் மட்டும் 23,000 பவுண்டு. லண்டனில் பேர் பெற்ற இடங்களில் இன்னும் மேலே போகும். மாணவர்களுக்கான மருத்துவ சர்சார்ஜ் வருடத்துக்கு 776 பவுண்டு, ஒரு வருடப் படிப்புக்கான விசா நான்கு மாதம் கூடுதலாக வருவதால் ஒன்றரை வருடத்துக்குக் கட்ட வேண்டும், 1,164 பவுண்டு. தங்குமிடம், சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்த்தால் 35 லட்சம் ரூபாயைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம். 35 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 46,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இவ்வளவு பெரிய தொகைக்கு வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். வீட்டில் இந்தப் பேச்சு எடுத்தபோது அப்பா மறுப்பு எதுவும் சொல்லவில்லை. "பத்திரத்தை வெச்சுக்கலாம்ப்பா, அதுக்கென்ன" என்றார். அந்தச் சம்மதம்தான் என்னை யோசிக்க வைத்தது. மாதம் 46,000 கட்ட வேண்டிய ஒருவர் ஊர் திரும்பிச் சென்னையில் ஒரு நாளிதழிலோ இணைய இதழிலோ புதிதாகச் சேர முடியாது. என்னோடு விஸ்காம் படித்தவர்கள் அங்கே வாங்கிய தொடக்கச் சம்பளம் அந்தத் தவணைக்கே போதாது. ஆக, மீடியாவுக்காக வாங்கும் கடனே உங்களை மீடியாவிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

"அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடலாமே" என்பார்கள். பார்க்கலாம். ஆனால் படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் ரூட் விசா எம்.ஏ. முடித்தவர்களுக்கு இரண்டு வருடமாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். அதற்குப் பிறகு தங்க வேண்டுமென்றால் ஸ்கில்டு வொர்க்கர் விசா. 2025 ஜூலையிலிருந்து அதற்குப் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, புதிதாகத் துறைக்கு வருகிறவர்களுக்கான சலுகை வரம்பே 33,400. ஓர் ஊர்ப் பத்திரிகையின் புது நிருபருக்குக் கொடுக்கும் சம்பளம் அதற்கு நன்றாகக் கீழே. என் தோழி ஆவணப்படம் என்ற கனவோடு போனவள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது, அந்த இலையுதிர் காலத்திலேயே பெரிய நிறுவனங்களின் அடுத்த வருட வேலைக்கான விண்ணப்பங்கள் ஓடத் தொடங்கிவிட்டன, ஊரில் பஸ் ரூட் தெரிவதற்குள் சிவி அனுப்ப வேண்டிய நிலை. கோடை முழுக்க ஆய்வேடு. முடித்ததும் அவளுக்கு நல்ல வேலைதான் கிடைத்தது, ஒரு விற்பனை நிறுவனத்தில், பொருள் விவரங்கள் எழுதும் வேலை. தவணை ஒழுங்காகப் போகிறது. படம் எடுக்க அவளுக்கு நேரமில்லை. அவளுடைய திறமை எனக்குத் தெரியும் என்பதால் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஜெர்மனியில் காசு செலவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், இன்றைய மதிப்பில் 12 லட்சத்தை ஒட்டி. ஆனால் அது கட்டணம் இல்லை, உங்கள் பணமே மாதம் 992 யூரோவாக உங்களிடம் திரும்பி வரும். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும். இல்மெனாவ் போன்ற சிற்றூரில் விடுதி வாடகை பெர்லின், மியூனிக்கோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆகவே மிச்சத்தில் நன்றாகவே ஓட்டலாம். இரண்டாம் வருடச் செலவை நான் வேலை பார்த்துச் சமாளித்தேன். வெளி வேலைக்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பு உண்டு. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியருக்கு உதவியாளராக இருக்கும் 'ஹிவி' வேலை அந்தக் கணக்கில் வராது, கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு அதில் வேலை என்னவென்றால் வேறொருவரின் ஆய்வுக்காகச் செய்திகளுக்கு எண் போடுவது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இப்போதிருக்கும் வேலை வந்தது: ஓர் ஆய்வுத் திட்டத்தில், பாதி நேரம், முடிகிற தேதி போட்ட ஒப்பந்தம். தவணை இருந்திருந்தால் இதை ஏற்றிருக்கவே முடியாது. இல்லாததால் மீதி நேரத்தில் எழுதுகிறேன், ஜெர்மன் படிக்கிறேன்.

மொழியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜெர்மனியின் பெரிய குறை அதுதான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வெளியே ஊடகம் முழுக்க ஜெர்மனில். ஏஆர்டி, இசட்டிஎஃப் என்ற ஜெர்மனியின் பொது ஒலிபரப்புகள் இரண்டும் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் சேனல் கிகா பக்கத்து எர்ஃபுர்ட்டில்தான் இருக்கிறது, எம்டிஆர் என்ற வட்டாரப் பொது ஒலிபரப்பின் துரிங்கியா நிலையமும் அங்கேதான். ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம், ஆனால் உள்ளே போக நல்ல ஜெர்மன் வேண்டும், பி1 என்ற நடுத்தர நிலை எல்லாம் அங்கே போதாது. பொது ஒலிபரப்புக்கான கட்டணம் மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாத வீடும் கட்ட வேண்டும், ஊரில் முகவரி பதிந்த கொஞ்ச நாளில் அதற்கான கடிதம் வந்துவிடும். புரியாத நிகழ்ச்சிகளுக்குப் பணம் கட்டுகிறோமே என்று முதல் வருடம் இருக்கும்.

இதே இடத்தில் இங்கிலாந்து தெளிவாக ஜெயிக்கிறது. அங்கே மாணவராக இருக்கும்போதே கவுன்சில் கூட்டத்தில் போய் உட்காரலாம், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேள்வி அனுப்பினால் 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், எல்லாம் நமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். என் தோழி தன் ஊர் கவுன்சில் மூடிய நூலகங்களைப் பற்றி அப்படிக் கேட்டு வாங்கிய தாளை எனக்கு அனுப்பினாள். நான் அப்போது ஜெர்மனில் மின்கட்டண ரசீதை வாசிக்கத் திணறிக்கொண்டிருந்தேன். ஆனாலும் மொழியைக் காலம் இருந்தால் பிடித்துவிடலாம். ஜெர்மனியில் படிக்கும் இரண்டு வருடமும், முடித்தபின் வேலை தேடக் கொடுக்கும் பதினெட்டு மாதமும் அதற்குத்தான். கடன் அப்படி இல்லை, நீங்கள் கற்றுக்கொண்டிருக்கும்போதும் அது வளரும்.

ஜெர்மன் ஊடக நிறுவனத்துக்குள் முழுநேர வேலை எப்படி என்பதை நான் உள்ளிருந்து பார்த்ததில்லை, ஆய்வுப் பக்கம்தான் என் அனுபவம். பெர்லின், ஹாம்பர்க் போன்ற பெரிய ஊர்களில் ஆங்கிலத்தில் கிடைக்கும் தகவல்தொடர்பு வேலைகள் பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். அதேபோல லண்டனில் படித்தவர்கள் தொடர்புகள் விஷயத்தில் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

பிரிட்டன் அரசு தரும் சீவனிங் உதவித்தொகை கிடைத்தால் இந்த அலசலே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு இங்கிலாந்து போங்கள். அதற்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹூஸில் முதல் வருடமும் இரண்டாம் வருடம் வேறொரு நாட்டிலும் நடக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டுஸ் ஜர்னலிசம் படிப்புக்கும் இதே பதில், உதவித்தொகையோடு கிடைத்தால் மட்டும். சொந்தக் காசில் போகிறவர்களிடம்தான் நான் ஜெர்மனி என்கிறேன்.

ஜெர்மனி என்று முடிவு செய்தால், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் மாணவர் விசா இல்லை, கட்டணம் 18,000 ரூபாய், வரத் தாமதமாகலாம், ஆகவே கல்லூரிக் கடைசி மதிப்பெண் பட்டியல் வந்த உடனேயே அனுப்பிவிடுங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு இந்தப் படி கிடையாது. சான்றிதழ் வரும் வரை சும்மா இருக்காமல் நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனிலோ வேறு எங்கோ ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலை ஜெர்மன் முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள், ஏனென்றால் முதல் செமஸ்டரில் புள்ளியியல் வகுப்போடு சேர்த்து எந்தச் சொல்லுக்கு 'டேர், டீ, டாஸ்' என்ற எந்த முன்சொல் வரும் என்று மனப்பாடம் செய்ய நேரம் கிடைக்காது.