14டி471கே எம்ஓவி: எரிகிறது என்று திட்டுகிறோம், எரியத்தானே வைத்தோம்?

"எம்ஓவி அடிக்கடி பொசுங்குது, 471-க்குப் பதிலா 681 போட்டா என்ன?" இன்வெர்ட்டர் ஏசி போர்டு பார்க்கும் நண்பர் கேட்டது. எம்ஓவி என்றால் மெட்டல் ஆக்ஸைடு வேரிஸ்டர்: வோல்டேஜ் எல்லை மீறினால் கரன்ட்டைத் தன் வழியே இழுத்து போர்டைக் காக்கும் சின்ன வில்லை. 471, 681 எல்லாம் அந்த எல்லையைச் சொல்லும் எண்கள், முன்னால் வரும் 14 வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். ஒரு தெருவில் நியூட்ரல் கட் ஆகி, ஒரே வாரத்தில் நாலைந்து போர்டுகள் வந்து குவிந்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். போடலாம். எரியாது. சிக்கலே அதுதான்.

நியூட்ரல் போனால் 230 வோல்ட் லைன் 415 வரை ஏறலாம். அதன் உச்சம் சுமார் 587 வோல்ட். 471 என்றால் 470 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் ஓடும், கே என்றால் கூடக்குறைய 10 சதவீதம். அதாவது 423-லிருந்து 517-க்குள். 587 வந்தால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது கரன்ட் இழுக்கும், சூடேறும், ஷார்ட் ஆகும், ஃபியூஸ் போகும். ஒரு எம்ஓவி, ஒரு ஃபியூஸ், வேலை முடிந்தது. 681 என்பது 680 வோல்ட், அதன் கீழ் எல்லையே 612. அது 587-ஐக் கண்டுகொள்ளாது. ஃபியூஸும் போகாது. மெயின்ஸை டிசியாக்கும் பிரிட்ஜைத் தாண்டிய 587 நேராக 450 வோல்ட் கெப்பாசிட்டரில் போய் உட்காரும். அது வெடித்து, பவர் மாஸ்ஃபெட்டும் போய், ட்ராக் கருகி வந்தபிறகு எம்ஓவி மட்டும் புத்தம் புதிதாக நிற்கும்.

ஸ்பைக் விஷயத்திலும் 681 நட்டம்தான். 14 மில்லிமீட்டர் 471 வில்லை 50 ஆம்பியர் சர்ஜில் 775 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும்; அதே அளவில் 681 என்றால் 1120. பிரிட்ஜில் இருக்கும் டயோடுகள் தாங்குவது பெரும்பாலும் 1000. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இந்த நீல வில்லையைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். ஒரு டீ விலைகூட வராத பாகம். 8/20 மைக்ரோ செகண்ட் சோதனை அலையில் (8-இல் உச்சம் ஏறி, 20-இல் பாதியாகும் சர்ஜ்) ஒருமுறைக்கு 4500 ஆம்பியர் வரை விழுங்கும். உள்ளே துத்தநாக ஆக்ஸைடு மணிகள் நெருக்கிச் சுட்டு வைத்திருக்கும். இரு மணிகள் ஒட்டும் எல்லை ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் தடுக்கும். தடிமன் கூடினால் வோல்டேஜ் கூடும், வில்லை அகலமானால் தாங்கும் கரன்ட் கூடும். அதனால் 14-க்குப் பதில் 20 மில்லிமீட்டர் போட ஆசைப்பட்டால், இடமிருந்தால், போடுங்கள். ஆனால் 471 அப்படியே இருக்கட்டும்.

எரிச்சல் எங்கே என்றால், இது சாகும்போது வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு பெரிய சர்ஜிலும் அந்த எல்லைகள் கொஞ்சம் கெடும், லீக்கேஜ் ஏறும், 470 மெல்லக் கீழே இறங்கும். வெளியே கீறல்கூடத் தெரியாது. மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்தால் நல்லதும் ஓப்பன், செத்து ஓப்பன் ஆனதும் ஓப்பன். ஷார்ட் ஆனதை மட்டும்தான் மீட்டர் சொல்லும். அதை ஃபியூஸ் முன்பே சொல்லியிருக்கும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. டெஸ்ட் வோல்டேஜை டிஸ்ப்ளேயில் காட்டும் டிஜிட்டல் மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வேண்டும். எம்ஓவியின் ஒரு காலைச் சோல்டர் எடுத்துத் தூக்குங்கள். 1000 வோல்ட் ரேஞ்ச்; 500 போதாது, 517 வரை உள்ள நல்ல வில்லை அதில் திறக்காது. பொத்தானை இரண்டு மூன்று விநாடி அழுத்துங்கள், அதற்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். மெக்கரின் கரன்ட் 1 மில்லி ஆம்பியர் அளவில்தான் இருப்பதால், டிஸ்ப்ளே 1000-க்குப் போகாமல் 470-ஐ ஒட்டி நிற்கும். 423-க்குக் கீழே நின்றால் தூக்கிப் போடுங்கள். 1000-ஐ எட்டிவிட்டால் உள்ளே ஓப்பன்.

ஸ்பைக்கைப் பிடிக்க இன்னொரு பாகம் உண்டு, டிவிஎஸ் டயோடு. அது இந்த விஷயத்தில் நாணயமானது. தன் எல்லைக்குள் எத்தனை அடி வாங்கினாலும் தேயாது, மீறினால் அநேகமாக ஷார்ட் ஆகி உடனே காட்டிக்கொடுக்கும். மெயின்ஸில் இதன் சக்தி பற்றாது, டிசி பக்கம்தான் இதன் இடம். 12 வோல்ட் பேட்டரி லைனுக்கு எஸ்எம்பிஜே12ஏ என்ற டிவிஎஸ் போடுகிறவர்கள்தான் அதிகம், அது தப்பு. அதன் பிரேக்டவுன் 13.3-லேயே ஆரம்பித்துவிடும், சார்ஜிங் வோல்டேஜ் 14.4. நாள் முழுக்கச் சூடாகிக் கிடந்து ஒருநாள் ஷார்ட் ஆகும். எஸ்எம்பிஜே15ஏ போடுங்கள்: 16.7-க்கு மேல்தான் திறக்கும், 24.4-இல் நிறுத்தும். பின்னால் இருக்கும், வோல்டேஜைக் குறைக்கும் எல்எம்2596 ஐசிக்கு 40 வரை பிரச்சினையில்லை. ஏ என்று முடிந்தால் ஒருவழி, கோடு பிளஸ் பக்கம். சிஏ என்றால் எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான்.

எம்ஓவிக்கே திரும்பினால், பழியில் பாதி அதற்கு முன்னால் இருக்கும் ஃபியூஸுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே யாரோ கைவைத்த போர்டில் ஃபியூஸ் இடத்தில் ஒற்றைக் கம்பி ஓடும். அந்த நிலையில் ஷார்ட் ஆன எம்ஓவி அடுப்புதான். பிளாஸ்டிக் பெட்டி உருகும். கண்ணாடி ஃபியூஸும் சுமார்தான். சாதாரண கண்ணாடி வகை நம்பகமாக அறுக்கக்கூடிய ஷார்ட் கரன்ட் 35 ஆம்பியரை ஒட்டித்தான். அதைத் தாண்டினால் குழாயே சிதறும். மணல் நிரப்பிய செராமிக் வகை 1500 ஆம்பியர் வரை அறுக்கும். எம்ஓவி கட்டாயம் ஃபியூஸுக்குப் பின்னால், லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருக்க வேண்டும். கெப்பாசிட்டரை உரசாமல் கொஞ்சம் தள்ளி, மேலே ஃபைபர் ஸ்லீவ் மாட்டி நிறுத்துங்கள். மாற்றியபின் முதல் பவர் 100 வாட் குண்டு பல்பு சீரிஸில் கொடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி அடங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் எங்கோ ஷார்ட்.

மதிப்பெண் போடச் சொன்னால் டிவிஎஸ்ஸுக்கு எட்டு, எம்ஓவிக்கு நாலு. நாலுகூட விலைக்காகத்தான். தான் இருக்கிறதா செத்ததா என்றே சொல்லாத ஒன்றை ஸ்பைக் கார்டு (spike guard) எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் வைத்து, "பாதுகாப்பு" என்று அட்டையில் அச்சடித்து விற்பதைப் பார்த்தால் அந்த நாலும் அதிகம். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: 14டி471கே-யையே மொத்தமாக வாங்குங்கள். கூடவே அதே எண்ணிக்கையில் டி3.15ஏ (T, அதாவது மெதுவாக அறும் 3.15 ஆம்பியர்) 250 வோல்ட் செராமிக் ஃபியூஸும். போர்டில் வேறு மதிப்பு அச்சிட்டிருந்தால் அதுவே.