ஃபாக் லைட் போட்டு 14,700 ரூபாய் போச்சு: எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

என் காருக்கு ஃபாக் லைட் போட்ட கடையிலிருந்து இப்போதுதான் திரும்பி வந்தேன். கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து மாதம் இரண்டு முறை கோத்தகிரி போகிறவன் நான். டிசம்பரில் ஒரு சாயங்காலம் முன்னால் போன பஸ்ஸின் பின்விளக்குகூடத் தெரியாத அளவுக்கு மூட்டம். என் வண்டி அடிப்படை மாடல், ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) கிடையாது. சரி, வெளியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்ததும் டீ. அந்த ரகம்.

எலெக்ட்ரிக் வண்டியாச்சே, வயரில் கை வைக்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் பானெட்டைத் திறந்து காட்டினார். "இந்த ஆரஞ்சு கேபிள் இருக்குதுங்களே சார், இதுதான் ஹை வோல்டேஜ். இது பக்கமே போக மாட்டோம். நமக்கு 12 வோல்ட் பேட்டரி போதும். ஒரு வயர்கூட வெட்ட மாட்டோங்க." ஆரஞ்சு கேபிள் விஷயம் உண்மை. அதில்தான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவர் தப்பாகச் செய்வாரா என்று வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மஞ்சளும் வெள்ளையும் ரிமோட்டில் மாறும் எல்இடி செட். 9,000 சொன்னார், ரொக்கம் என்றால் 8,500. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் திருநெல்வேலி போய் 10 நாள் கழித்து வந்தால், கார் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் விட்டுப் போயிருந்தேன். ஆனால் அதை வண்டியோடு இணைக்கிற கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் மூடுவதற்கே அந்தச் சின்ன 12 வோல்ட் வேண்டும். அது செத்தால் வண்டி வெறும் தகரம்தான்.

சர்வீஸ் சென்டரில் பம்பரைக் கழற்றிக் காட்டினார்கள். ரிலே (விளக்குக்கு மின்சாரத்தைத் தனியாகத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லை, தனி ஃபியூஸ் இல்லை. கம்பெனி வயரை பிளேடால் சீவி, செம்பை முறுக்கி, மேலே கறுப்பு டேப். அதுவும் பாதி அவிழ்ந்து தொங்குகிறது. ரிமோட் பெட்டியை நேராகப் பேட்டரியில் இணைத்திருக்கிறார்கள். வண்டி நிற்கும்போதும் 0.2 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர்-ஹவர், அந்தச் சின்ன பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45தான். வயரைச் சீவியதால் வாரண்டியும் கிடையாது என்றுவிட்டார்கள். புது பேட்டரி, டோ வண்டி எல்லாம் 6,200. ஆக 14,700 ரூபாய்.

கடைக்கு முதல் போன்: ஓனர் ஊரில் இல்லை. இரண்டாவது போன்: "லைட் எரிஞ்சுதுங்களா? அப்ப எங்க வேலை சரிதானுங்க." இன்று நேரில் போனேன். டீ இல்லை. போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது எங்க டேப் இல்லைங்க" என்றார். 14,700 ரூபாய்க்குக் கிடைத்த பதில் அது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்றால் என் கையில் இருப்பது விசிட்டிங் கார்டு. எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ரிலேயும் ஃபியூஸும் போடுகிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். பிளேடை எடுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சாப்பிடப் போகாதீர்கள்.