நெட்லோகோ: மேய்ச்சல் நிலமும் மேய்ப்பவர்களும் ஒரே திரையில்

மழை குறைந்தால் புல் குறையும். இதை ஒரு சமன்பாட்டில் அடக்கிவிடலாம். ஆனால் புல் குறைந்ததைப் பார்த்ததும் ஒரு மேய்ப்பவர் மாடுகளை விற்பார். இன்னொருவர் மந்தையை அடுத்த நிலத்துக்கு ஓட்டிப் போவார். மற்றவர்கள் விற்கிறார்கள் என்று தெரிந்து மூன்றாமவர் இன்னும் இரண்டு மாடு வாங்குவார். நிலத்தின் கதி இந்த மூன்று முடிவுகளும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதில் இருக்கிறது. சராசரி மனிதர் என்று ஒருவரை வைத்து இதை எழுத முடியாது. ஒவ்வொருவரையும், தானே முடிவெடுக்கும் தனித்தனி ஏஜென்ட்டாக எழுத வேண்டும். அதற்கு முதலில் கையில் எடுக்க வேண்டிய மென்பொருள் நெட்லோகோ.

யூரி வில்லென்ஸ்கி 1999-ல் உருவாக்கியது. இப்போது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பராமரிக்கப்படுகிறது. இலவசம், திறமூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜாவாவைத் தனியாக நிறுவத் தேவையில்லை. வகுப்பறைக்கு மட்டும் லாயக்கு என்று சிலர் ஒதுக்குவது நியாயமே இல்லை. தீவிரமான ஆய்வு மாடல்கள் ஏராளமாக இதில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் தவறான எண்ணைக் கொடுத்துவிட்டு எந்த எச்சரிக்கையும் காட்டாத இடங்கள் இதில் சில உண்டு. அவை தெரியாமல் வந்த முடிவை நம்பக் கூடாது.

அமைப்பு எளிது. நிலம் என்பது பேட்ச் எனப்படும் கட்டங்கள். நடமாடுபவை டர்ட்டில்கள். இருவருக்கு இடையேயான உறவு லிங்க். மேலிருந்து எல்லாவற்றையும் இயக்குவது அப்சர்வர். மேய்ச்சல் மாடலில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் புல்லளவு, சரிவு, யாருடைய நிலம் என்ற மூன்று மாறிகள் போதும். மேய்ப்பவருக்கு மந்தையின் அளவு, கையிருப்பு, கடந்த சில பருவங்களின் நினைவு. புல் லாஜிஸ்டிக் வளர்ச்சியில், அதாவது உச்ச அளவை நெருங்க நெருங்க மெதுவாகும் விதத்தில், வளரட்டும்: இருக்கும் புல்லோடு, வளர்ச்சி வீதம் × புல் × (1 − புல் / உச்ச அளவு) என்பதைக் கூட்ட வேண்டும். இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. புல் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டால் இந்தச் சூத்திரத்தில் அந்தக் கட்டம் என்றைக்கும் மீளாது. நிஜ நிலத்தில் பக்கத்திலிருந்து விதை வரும். அதனால் அண்டைக் கட்டங்களின் சராசரிப் புல்லில் ஒரு சிறு பங்கை விதை வரவாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 'அளவுக்கு மீறி மேய்த்ததால் நிலம் நிரந்தரமாகப் பாழானது' என்று மாடல் சொல்லும். உண்மையில் சொல்வது சூத்திரம்தான்.

இத்தனையையும் நூறு வரிக்குள் எழுதிவிடலாம். ஸ்லைடரை இழுத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளைவு தெரியும். ஒரு மேய்ப்பவர் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால் அவருடைய மாறிகள் எல்லாம் கண்முன்னே மாறுவதைப் பார்க்கலாம். மாடல் ஏன் விசித்திரமாக நடக்கிறது என்று தேடும்போது இதைவிட உதவியான வசதி வேறில்லை.

இனி கவனிக்க வேண்டியவை. 'ஆஸ்க்' கட்டளை ஏஜென்ட்களை ஒவ்வொரு முறையும் குலுக்கல் வரிசையில் அழைக்கிறது. பொதுப் புல்லுக்குப் போட்டியிடும் மேய்ப்பவர்களுக்கு இது பொருத்தம். யாருக்கும் நிரந்தர முன்னுரிமை கிடையாது. காட்டுத்தீயிலோ களைச்செடி பரவலிலோ இதுவே கெடுக்கும். 'பக்கத்தில் தீ இருந்தால் நீயும் எரி' என்று எல்லாப் பேட்ச்களிடமும் நேரடியாகச் சொன்னால், இப்போதுதான் பற்றிய கட்டம் அதே டிக்குக்குள் (டிக் என்பது மாடலின் ஒரு காலப்படி) வரிசையில் பின்னால் வரும் அண்டைக் கட்டத்தையும் பற்ற வைக்கும். ஒரு டிக்கில் ஒரு கட்டம் நகர வேண்டிய தீ நாலைந்து கட்டம் தாண்டிவிடும். தீர்வு இரண்டு சுற்று: முதல் சுற்றில் 'அடுத்த நிலை' என்ற தனி மாறியில் முடிவை எழுதி வையுங்கள், இரண்டாம் சுற்றில் எல்லாக் கட்டங்களும் அதை ஏற்கட்டும்.

அடுத்தது நிகழ்தகவு. 'ரேண்டம் 100' என்பது 0 முதல் 99 வரை முழு எண்ணை மட்டுமே தரும். ஒரு டிக்கில் 0.5 சதவீத மரம் சாக வேண்டும் என்று 'ரேண்டம் 100 < 0.5' என எழுதினால், 0 வரும்போது மட்டும் நிபந்தனை நிறைவேறும். அதாவது 1 சதவீதம். சாவு வீதம் சரியாக இருமடங்கு, பிழைச்செய்தி எதுவும் வராது. ஸ்லைடரை 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே எங்கே நகர்த்தினாலும் விளைவு மாறாததைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். 'ரேண்டம்-ஃப்ளோட் 100' என்று எழுதினால் சரியாகிவிடும்.

மாசு பரவலுக்கு உள்ள 'டிஃப்யூஸ்' கட்டளையைத்தான் அதிகம் பேர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். 'டிஃப்யூஸ் 0.5' என்றால் ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் உள்ளதில் பாதியை எட்டு அண்டைக் கட்டங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். இந்த 0.5 என்பது இயற்பியல் பரவல் கெழு அல்ல. கட்டத்தின் அளவையும் டிக்கின் கால அளவையும் பொறுத்து அதன் பொருள் மாறும். பங்கு க, கட்டத்தின் பக்கம் ப என்றால், கிடைக்கும் பரவல் கெழு ஒரு டிக்குக்கு 0.375 × க × ப². 30 மீட்டர் கட்டத்தில் 0.5 போட்டால் அது டிக்குக்கு 168.75 சதுர மீட்டர். இதே கெழுவை 10 மீட்டர் கட்டத்தில் கொண்டுவரக் கணக்குப் போட்டால் பங்கு 4.5 என்று வரும். 1-க்கு மேல் கொடுக்க முடியாது. எனவே ஒரு டிக்குக்குள் ஐந்து முறை, ஒவ்வொன்றிலும் 0.9 என்று ஓட்ட வேண்டும். வரைபடத்தை நுணுக்கமாக்கிவிட்டு 0.5-ஐ அப்படியே விட்டால் மாசு ஒன்பது மடங்கு மெதுவாகப் பரவும்.

ஓரத்தில் இன்னொரு சங்கதி. உலகின் விளிம்பு மூடியிருந்தால் ஓரக் கட்டம் வெளியே போக வேண்டிய பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஏரிக்கு அது சரி. ஆற்றுக்கோ காற்றுக்கோ சரியில்லை. அங்கே ஒவ்வொரு டிக்கிலும் ஓரக் கட்டங்களை நீங்களே காலி செய்ய வேண்டும். புது மாடலின் இயல்பு நிலையோ வேறு: 33 × 33 கட்டங்கள், இரு திசையும் சுற்றி வரும். கிழக்கே வெளியேறிய மாடு மேற்கே வந்து நிற்கும். நிஜ வரைபடம் போடுவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.

வரைபடங்களுக்கு ஜிஐஎஸ் (புவித் தகவல் முறை) நீட்டிப்பு கூடவே வருகிறது. ஷேப்ஃபைல், ஆஸ்கி கிரிட் என்ற வரைபடக் கோப்பு வடிவங்களைப் படிக்கும். உயரத்தையோ சரிவையோ பேட்ச்சுக்கு ஏற்றும்போது தரவு இல்லாத இடங்கள் 'எண் அல்ல' என்ற மதிப்போடு உட்காரும். அது பெரிதா, சிறிதா, சமமா என்று எதோடு ஒப்பிட்டாலும் விடை 'பொய்'. 'சரிவு 30-க்கு மேல் இருந்தால் மேய்க்காதே, இல்லையென்றால் மேய்' என்று எழுதியிருந்தால், தரவில்லாத கட்டமெல்லாம் சமவெளியாகிவிடும். மாடுகள் வரைபடத்துக்கு வெளியே மேயும். ஏற்றியவுடனே '0-க்குச் சமம் அல்லது குறைவு, அல்லது 0-க்குச் சமம் அல்லது அதிகம்' என்ற இரட்டைச் சோதனையை வைத்து, அதில் தேறாத கட்டங்களைத் தனியாகக் குறித்துவிடுங்கள். ஆள்கூற்று மாற்றங்களை இதில் செய்யாமல் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முடித்துக்கொண்டு வருவது நல்லது. இதன் ப்ரொஜெக்‌ஷன் ஆதரவு குறுகியது.

ஆய்வுக்கு நெட்லோகோவைத் தகுதியாக்குவது, மாடலைப் பல மதிப்புகளில் திரும்பத் திரும்ப ஓட்டும் பிஹேவியர்ஸ்பேஸ் என்ற உள்கருவிதான். எந்த மாறியை எங்கிருந்து எதுவரை, எந்த இடைவெளியில், எத்தனை முறை என்று நிரப்பினால் கணினியின் பல கோர்களில் இணையாக ஓட்டிக் கொடுக்கும். ஆரம்பிக்கும் முன் பெருக்கிப் பாருங்கள். நான்கு மாறிகள், ஆளுக்கு ஆறு மதிப்புகள், முப்பது மறுஓட்டம் என்றால் 38,880 ஓட்டங்கள். ஓட்டத்துக்கு 20 விநாடி, எட்டு கோர் என்றால் 27 மணி நேரம். முடிவைச் சேமிக்க டேபிள் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அது ஓட ஓட எழுதும். ஸ்ப்ரெட்ஷீட் வடிவம் எல்லாவற்றையும் நினைவகத்தில் சுமந்து கடைசியில் எழுதும், நடுவில் கணினி நின்றால் அத்தனையும் போச்சு. ஒவ்வொரு டிக்கிலும் அளவிடும் தேர்வை, தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். மாடலைத் தொடங்கிவைக்கும் செட்டப் பகுதியில் நிலையான ரேண்டம் சீட் (குலுக்கல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் எண்) ஒன்றை மறந்து விட்டுவைத்திருந்தால் முப்பது மறுஓட்டமும் அச்சு அசலாக ஒன்றாக வரும். சீடாக பிஹேவியர்ஸ்பேஸின் ஓட்ட எண்ணையே கொடுத்தால் மாறுபாடும் கிடைக்கும், அதே ஓட்டத்தைப் பிறகு திரும்ப எடுக்கவும் முடியும்.

வேகம் சுமார்தான். ஒவ்வொரு மேய்ப்பவரும் ஒவ்வொரு டிக்கிலும் எல்லாப் பேட்ச்களையும் வடிகட்டித் தேடினால் எந்தக் கணினியும் திணறும். மாறாத தொகுப்புகளை, உதாரணமாக நீர்நிலைக் கட்டங்களை, செட்டப்பிலேயே ஒருமுறை சேமித்து வையுங்கள். 6-ம் தலைமுறைப் பதிப்புகளில் நினைவக வரம்பு இயல்பாக ஒரு ஜிபி. பெரிய வரைபடத்துக்கு அமைப்புக் கோப்பில் அதைக் கூட்டாமல் முடியாது.

உடன் வரும் சிஸ்டம் டைனமிக்ஸ் மாடலரை இருப்பு, பாய்ச்சல் படம் வரைந்து புரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம், அவ்வளவே. ஒவ்வொரு படியிலும் அப்போதைய வீதத்தையே நேர்கோடாக நீட்டும் ஆய்லர் முறையில் கணக்கிடுவதால் இரை-கொல்லி சமன்பாடுகளில் காலப்படி பெரிதானால், மூடிய வட்டமாகச் சுழல வேண்டிய எண்ணிக்கை வெளிநோக்கி விரிந்துகொண்டே போகும். காலப்படியைப் பாதியாக்கிப் பார்த்து விடை மாறினால் அந்த விடை வேண்டாம்.

நிலத் துண்டுகளையும் சாலைகளையும் அவற்றின் வடிவத்தோடேயே ஏஜென்ட்டாக்க வேண்டும் என்றால் காமா என்ற இன்னொரு ஏஜென்ட் மாடல் மென்பொருள் மேல். பைத்தான் நிரல்மொழியில் பழகியவர்களுக்கு அதிலேயே உள்ள மெசா. ஆற்று நீரோட்டக் கணக்குக்கு இவை எதுவுமே கருவி அல்ல. அதற்குரிய நீரியல் மாடலை ஓட்டி, விளைவை இங்கே உள்ளீடாகக் கொடுக்கலாம்.

மாடலை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது 2006-ல் வெளியாகி 2010-லும் 2020-லும் திருத்தப்பட்ட ODD என்ற மாடல் விவரிப்பு முறைப்படி, நெட்லோகோவில் விளக்கத்துக்கென உள்ள இன்ஃபோ பக்கத்தை எழுதுங்கள். எந்தப் பதிப்பில் எழுதியது என்பதையும் அங்கேயே குறியுங்கள். 7-ம் பதிப்பின் கோப்பு வடிவம் வேறு. அதில் சேமித்ததை 6-ல் திறக்க முடியாது. பழைய கோப்பின் நகலை எடுத்து வைத்த பிறகே புதியதில் திறக்க வேண்டும்.