பேடா, காண்டம் கதீட்டரா? புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு

ஆபரேஷனில் வைத்த சிறுநீர் டியூபை எடுத்த பிறகு சிறுநீர் கசிந்தால் வீட்டில் உடனே எழும் கேள்வி இது. வீங்கிய புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தபின் வரும் கசிவு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்; சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரைக்குமான ஏற்பாடுதான் இவை இரண்டும்: சிறுநீரை உறிஞ்சும் பேடு, ஆணுறைபோல் ஆணுறுப்பில் மாட்டிக் குழாய் வழியாகச் சிறுநீரை யூரின் பேக்குக்கு அனுப்பும் காண்டம் கதீட்டர்.

செலவு: பேடு நனைய நனைய மாற்ற வேண்டும். காண்டம் கதீட்டர் நாளைக்கு ஒன்று. யூரின் பேக் தனி.

தோல்: ஈரப் பேடு தொடையிடுக்கைப் புண்ணாக்கும். கதீட்டரை அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும். கழன்று விழுகிறதே என்று மேலே பிளாஸ்திரியைச் சுற்றவே கூடாது, ரத்த ஓட்டம் தடைபடும்.

வசதி: பேடை நோயாளியே மாற்றிக்கொள்வார். கதீட்டருக்கு ஆணுறுப்பைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முனையில் கொஞ்சம் இடம் விட்டு உருட்டி மாட்ட வேண்டும். முதல் சில நாள் துணைக்கு ஆள் தேவை.

நடமாடுகிறவருக்குப் பேடுதான் என்பேன். கசிவு குறைவது கண்ணுக்குத் தெரியும், கசிவை அடக்கும் தசைப் பயிற்சியில் நம்பிக்கை வரும். வாயு பிரியாமல் அடக்குவதுபோல் 5 விநாடி இறுக்கி, 5 விநாடி தளர்த்த வேண்டும். 10 முறை, தினம் 3 வேளை. மூச்சை அடக்கக் கூடாது. இருமும் முன்பும் நாற்காலியிலிருந்து எழும் முன்பும் இறுக்கிக்கொண்டால் அந்த நேரத்துக் கசிவு குறையும்.

இரவில் எழ முடியாதவருக்கும் நீண்ட பஸ் பயணத்துக்கும் கதீட்டர் சரி.

அடிவயிறு கனத்து, சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போது இரண்டுமே உதவாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.