ஃபிராங்க் ஸாப்பாவின் 'வாக்கா/ஜவாக்கா': ஒன்பது வருடம் கேட்ட பிறகு

ஊசி மாற்றி வந்த பிளேயரில் நேற்று முதலில் போட்டது அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் இந்த இசைத்தட்டைத்தான். "ஸாப்பாவின் 'ஹாட் ராட்ஸ்' தட்டுதான் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?" என்று நண்பர் கேட்டிருந்தார், அதற்காகவே எழுதுகிறேன்.

1971 டிசம்பரில் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் மேடையிலிருந்து தள்ளிவிட்டதில் பலத்த அடிபட்டு, மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருந்த மனிதர் 1972-இல் போட்ட தட்டு இது. ஊர் ஊராகப் போய் வாசிக்க முடியாத அந்த நாட்களில்தான் ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து இவ்வளவு தூரம் ஜாஸ் பக்கம் போயிருக்கிறார்.

முதல் பக்கத்தைத் தொடங்கும் 'பிக் ஸ்விஃப்டி' 17 நிமிடத்துக்கும் மேல். பெரிய பித்தளை வாத்தியக் குழு ஒன்று ஊதுகிறது என்றுதான் வாங்கிய புதிதில் நினைத்தேன். வாசித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் மொத்தமே ஆறு பேர். அத்தனை ட்ரம்பெட்டும் சால் மார்க்கெஸ் ஒருவரே, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தது. நேற்று புது ஊசியில் அந்த அடுக்குகள் தனித்தனியாகக் காதில் விழுந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் ஜார்ஜ் டியூக்கின் எலக்ட்ரிக் பியானோ தகரத்தைத் தட்டுவதுபோல் கரகரக்க, கீழே எய்ன்ஸ்லி டன்பாரின் டிரம்ஸ் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். அந்த 17 நிமிடம் முடிந்து மனசு எங்கேயோ இருக்கும்போது அதே பக்கத்தில் 'யுவர் மவுத்' தொடங்கிவிடும். மூன்று நிமிடப் பாட்டு, தனியாகக் கேட்டால் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த இடத்தில் அது வேண்டவே வேண்டாம். ஒன்பது வருடமாக ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் ஊசியைத் தூக்குகிறேன். இரண்டாம் பக்கமும் பாட்டில்தான் தொடங்குகிறது, ஆனால் அதில் ஸ்னீக்கி பீட் கிளைனோவின் பெடல் ஸ்டீல் கிட்டார் வருவதால் மன்னித்துவிடலாம். அதைத் தாண்டினால் தலைப்புப் பாடல்: டான் பிரெஸ்டனின் மினிமூக் சின்தசைசர், டன்பாரின் தனி ஆவர்த்தனம், அப்புறம் முழுக் குழுவும் பழைய மெட்டுக்குத் திரும்பும் அந்த இடம். ஹாட் ராட்ஸில்கூட இப்படி ஒரு முடிவு இல்லை.

இருந்தும் நண்பருக்கு ஹாட் ராட்ஸே போதும் என்றுதான் நேற்று பதில் போட்டேன். அப்போதுதான் ஊசியைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.