டோனர் மேல் போட்ட பழி: ஒரு லேசர் பிரிண்டரோடு ஆறு ஆண்டுகள்

பத்திரம் எழுதிக்கொடுப்பது என் தொழில். ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில்தான் இன்றும் வேலை ஓடுகிறது. எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. கோளாறில் பாதி என் கைங்கரியம்.

முதல் நான்கு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தாள் வைத்தேன், அச்சடித்தது.

வம்பு தொடங்கியது முத்திரைத்தாளில். கிரையப் பத்திரம் ஒன்றை வாங்கிச் சென்றவர் மூன்றாக மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறார். அரைமணி கழித்து விரித்தால், மடிப்பு விழுந்த வரியில் எழுத்துகள் உதிர்ந்துகிடந்தன. அது நான்கெல்லை விவரம் இருந்த வரி. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மறைந்தால் என்னென்ன வழக்கு வரும் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். நல்லவேளை, பதிவுக்கு முன்பே கண்ணில் பட்டது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். கரி விரலோடு வந்தது.

"டோனர் மட்டமான சரக்கு சார்" என்றார் கார்ட்ரிட்ஜ் நிரப்பித் தருபவர், அதை நிரப்பியதே அவர்தான் என்பதை மறந்து. புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். சாதாரண ஏ4 தாளில் பளிச்சென்று விழுந்தது. முத்திரைத்தாளில் அதே உதிர்தல். ஒரு கார்ட்ரிட்ஜ் காசு வீண்.

டோனர் என்பது மை அன்று. நிறமேற்றிய பிளாஸ்டிக் தூள். கார்ட்ரிட்ஜுக்குள் சுழலும் டிரம் என்ற உருளை அதைத் தாளின்மேல் எழுத்து வடிவில் இட்டு அனுப்புகிறது, அவ்வளவுதான். ஊதினால் பறந்துவிடும் நிலையில் இருக்கும் அந்தத் தூளைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அழுத்தத்திலும் உருக்கி ஒட்டவைப்பது ஃப்யூசர். என் இயந்திரத்தில் அது இரண்டு உருளைகள்: மேலே பீங்கான் ஹீட்டரைச் சுற்றி ஓடும் மெல்லிய உறை, மெக்கானிக்குகள் வாயில் அது 'டெஃப்லான் ஷீட்', கீழே ரப்பராலான பிரஷர் ரோலர். மெல்லிய தாள் சீக்கிரம் சூடாகிவிடும். முத்திரைத்தாள் தடிமன், அது நிறையச் சூட்டைக் குடிக்கும். அதனால் ஃப்யூசர் தளரத் தொடங்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது தடித்த தாள்தான்.

இது தெரியாமல் பிரிண்டர் அமைப்பில் தாள் வகையைத் 'தடித்த தாள்' என்று மாற்றினேன். இயந்திரம் மெதுவாக ஓடியது, சூடும் ஏறியது, எழுத்து ஒட்டியது. நோய் குணமாகிவிட்டது என்று நினைத்து, சாதாரணத் தாளுக்கும் அதே அமைப்பிலேயே மாதக்கணக்கில் ஓட்டினேன். தேய்ந்த உறையைக் கூடுதலாக வறுத்தெடுத்தேன் என்று பிறகுதான் புரிந்தது.

அடுத்து வந்தது ஆவி எழுத்து. தலைப்பில் உள்ள தடித்த எழுத்துகள் சற்றுக் கீழே மங்கலாக மறுபடி விழுந்தன. கூடவே வலது ஓரத்தில் ஒரு கரும்புள்ளி, பக்கத்துக்கு ஐந்து முறை. இம்முறை கடைக்கு ஓடாமல் அளவுகோலை எடுத்தேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 57 மில்லிமீட்டர். உருளையில் குறை இருந்தால் அது ஒருமுறை சுற்றி வரும் தூரத்துக்கு ஒரு தடம் விழும்; அந்தத் தூரத்தை 3.14 ஆல் வகுத்தால் உருளையின் விட்டம். எனக்குக் கிடைத்தது 18 மில்லிமீட்டர். கார்ட்ரிட்ஜில் உள்ள டிரம் 24 மில்லிமீட்டர்; குறை அதில் இருந்தால் 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை விழ வேண்டும். ஆக, டிரம் நிரபராதி.

உறுதிசெய்ய இன்னொரு சோதனை. அச்சு பாதியில் இருக்கும்போது முன்கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். ஃப்யூசரை எட்டாத அந்தத் தாளைக் கை படாமல் உருவி எடுத்துப் பார்த்தேன். எழுத்து தூளாகத்தான் இருந்தது; ஆனால் கரும்புள்ளியும் இல்லை, ஆவியும் இல்லை. முதல் நாளே இதைச் செய்திருந்தால் கார்ட்ரிட்ஜ் காசு மிஞ்சியிருக்கும்.

மெக்கானிக் ஃப்யூசரைக் கழற்றினார். மின்சாரத்தைத் துண்டித்து அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகுதான். அந்தச் சூட்டில் கை வைத்தால் தோல் போய்விடும். உறையை வெளிச்சத்தில் பிடித்தபோது வலது ஓரத்தில் ஒரு கீறல் தெரிந்தது.

"ஸ்டேப்ளர் பின் அடித்த தாள் உள்ளே போயிருக்கிறது சார்."

போயிருக்கும். நகல் எடுக்க, ஒரு பக்கம் வெற்றாக இருக்கும் பழைய தாள்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தியவன் நான்தான். மாதம் நூறு ரூபாய்த் தாளை மிச்சம் பிடித்த பெருமை அந்தக் கீறலில் முடிந்தது.

முழு ஃப்யூசர் யூனிட்டுக்கு அவர் சொன்ன விலை, பிரிண்டர் விலையில் பாதியை நெருங்கியது. உறையை மட்டும் மாற்றினால் சில நூறு ரூபாய். அதையே செய்தோம். மூன்று மாதத்தில் கீச்சென்று சத்தம், தாள் சுருக்கம், மறுபடி சிக்கல். உள்ளே சூடு தாங்கும் கிரீஸ் போதிய அளவு தடவவில்லை. பழைய பிரஷர் ரோலரும் நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. இரண்டாம் முறை தரமான உறை, ரோலர், கிரீஸ் மூன்றையும் சேர்த்தே மாற்றினோம். அதன்பின் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முத்திரைத்தாளை மடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகே கையில் கொடுக்கிறேன். உதிரவில்லை. உறையை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ரோலரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் கட்டு பிரித்து வைத்த தாள் ஈரம் வாங்கிவிடும். அது ஃப்யூசரில் ஆவி கிளப்பிச் சுருண்டு வரும். அதை ஃப்யூசர் கோளாறு என்று நினைத்து ஒருமுறை மெக்கானிக்கை வீணாக வரவழைத்திருக்கிறேன். கணினிக்கான சிறிய யூபிஎஸ்ஸில் பிரிண்டரைச் செருகுவதும் வேண்டாம். ஹீட்டர் சூடேறும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்துக்கு யூபிஎஸ் அலறி அணைந்துவிடும்.

கீறல் விழுந்த அந்த உறை இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது. உதவிக்கு வரும் பையன் பின் அடித்த தாளைத் தட்டில் வைக்கப் போனால் அதை எடுத்துக் காட்டுகிறேன். போன வாரம் முதல் இயந்திரம் ஒரே நேரத்தில் இரண்டு தாள்களை இழுக்கிறது. "அண்ணா, ஃப்யூசரா?" என்று கேட்டான். இல்லை, இது தாள் இழுக்கும் பிக்கப் ரோலர். நாளை கழற்றிப் பார்க்க வேண்டும்.