சோயா இருப்பைப் பார்க்க ஓர் இலவச இடம்: பி.எஸ்.டி. ஆன்லைன்

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலைக்குச் சரக்கு வாங்கிப் போடுவது என் வேலை. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும்தான் அன்றாடப் பேச்சு. புண்ணாக்கு என்னவோ இந்தூர், லாத்தூர் பக்கமிருந்துதான் வருகிறது. ஆனால் விலை ஏறினாலும் இறங்கினாலும் புரோக்கர்கள் கை காட்டுவது சிகாகோ சரக்குச் சந்தையையும் பிரேசிலையும். "பிரேசில்ல குடோன் நெறஞ்சு கெடக்குதுங்கண்ணா, இன்னும் எறங்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தால், அது நிஜமா என்று பார்க்க நான் போகிற இடம் அமெரிக்க வேளாண் துறையின் பி.எஸ்.டி. ஆன்லைன் (உற்பத்தி, வரத்து, விநியோகக் கணக்குத் தளம்). காசு கேட்காது.

அந்தத் தளத்தில் எண்ணெய் வித்தில் ஏழு வகை உண்டு: சோயா, கடுகினமான ரேப்சீட், சூரியகாந்தி, நிலக்கடலை, பருத்தி விதை, பனைப் பருப்பு, கொப்பரை. நாடு, ஆண்டு, தேவையான கணக்கு (உற்பத்தி, ஏற்றுமதி, எண்ணெய் எடுக்கும் அரைவை, ஆண்டு முடிவில் மிஞ்சும் இறுதி இருப்பு) என்று தேர்ந்தெடுத்தால் அட்டவணை வரும், எக்செலாக இறக்கிக்கொள்ளலாம். 1960களிலிருந்தே எண்கள் கிடக்கின்றன. அலகு ஆயிரம் டன் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 24,740 என்று இருந்தால் 247 லட்சம் டன்.

அமெரிக்க வரிசையை ஒரு முறை மேலிருந்து கீழே படியுங்கள். 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டது. அடுத்த மாதமே சீனப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்து தீவனத் தேவையையும் கீழே இழுத்துவிட்டது. 2018-19 முடிவில் அமெரிக்காவில் விற்காமல் நின்ற சோயா 909 மில்லியன் புஷல் (புஷல் என்பது அமெரிக்கத் தானிய அளவு), அதாவது அந்த 247 லட்சம் டன்தான். அதற்கு முந்தைய உச்சம் 2006-07இல் 574 மில்லியன் புஷல். ஆனால் 2019-20இல் 525, 2020-21இல் 257. இரண்டே வருடத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கரைந்துவிட்டது. ஓர் ஆண்டின் மொத்தப் பயன்பாட்டோடு வைத்துப் பார்த்தால் 23 சதவீதமாக இருந்த இருப்பு 6 சதவீதத்துக்கும் கீழே போனது. இந்த ஒரு வரிசைக்காகவே இந்தச் சேவையை நான் மெச்சுவேன்.

பக்கத்திலேயே பிரேசில் வரிசையைப் போட்டால்தான் வம்பு. அங்கே இருப்பு சமீப ஆண்டுகளில் 2 கோடி டன்னை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். சில ஆண்டுகளில் 3 கோடியையும் தாண்டும். புரோக்கர் சொல்லும் 'நெறஞ்ச குடோன்' இதுதான். ஆனால் அமெரிக்கக் கணக்கு முடிவது ஆகஸ்ட் 31, புது அறுவடைக்குச் சற்று முன். பிரேசிலில் அறுவடை ஜனவரியில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். அந்த நாட்டுச் சந்தை ஆண்டு, அதாவது அறுவடையை ஒட்டிக் கணக்கிடும் ஆண்டு, பிப்ரவரி முதல் ஜனவரி வரை. உலகக் கணக்கோடு பொருந்த வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறையினர் அதை அக்டோபர்-செப்டம்பராக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 30 அன்று எண்ணும்போது, புதுச் சரக்கு வரும்வரை இன்னும் நான்கு மாதம் அரைக்கவும் கப்பலேற்றவும் வேண்டியது எல்லாம் 'இருப்பு' என்று விழுகிறது. ஒரு வீட்டு நெல் பத்தாயத்தைப் பொங்கலுக்கு முந்தைய வாரமும் அடுத்த வீட்டுப் பத்தாயத்தைத் தீபாவளிக்கும் திறந்து பார்த்து, யார் வீட்டில் நெல் அதிகம் என்று சொல்வது போலத்தான். அந்தத் துறையின் மாத அறிக்கையில் அட்டவணைக்கு அடியில் இதைப் பொடி எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

வழி அதே தளத்தில் இருக்கிறது. பொருள் பட்டியலில் 'சோயா' என்பதற்குப் பக்கத்திலேயே 'சோயா (லோக்கல்)' என்று இன்னொன்று உண்டு. அது அந்தந்த நாட்டின் சொந்தச் சந்தை ஆண்டுப்படி போட்ட கணக்கு. பிரேசிலுக்கு அதை எடுத்தால் ஜனவரி இறுதி இருப்பு வரும். மலைபோல் தெரிந்தது சட்டென்று சுருங்கிவிடும். அப்போதும்கூட பிரேசிலின் மாட்டோ கிரோசோ மாநிலத்தில் முதல் அறுவடை வண்டிகள் ஓட ஆரம்பித்திருக்கும், ஆகவே முழுச் சுத்தமான ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன். அதனால் நான் இரு நாட்டு அளவையும் நேருக்கு நேர் மோதவிடுவதே இல்லை. அவரவர் எண்ணை அவரவர் முந்தைய ஆண்டோடு வைத்து, ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்ப்பேன்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்கா காலாண்டுக்கு ஒருமுறை விவசாயி கிடங்கு, வியாபாரி கிடங்கு இரண்டையும் கேட்டுக் கணக்கெடுக்கிறது. பிரேசில் எண் பெரும்பாலும் வரவில் செலவைக் கழித்த மிச்சம். 2024-25இல் அங்கே விளைந்தது 17 கோடி டன் அளவில். விளைச்சல் மதிப்பீடு ஒரு சதவீதம் பிசகினால் 17 லட்சம் டன் நேராக இருப்பில் போய் உட்காரும்.

பழைய ஆண்டு எண்களையும் அவ்வப்போது திருத்துவார்கள். இறக்கிய கோப்புக்குத் தேதி போட்டுச் சேமியுங்கள். போன வருடம் என்ன சொன்னார்கள் என்று பிறகு தேட அதுதான் உதவும். புதிய எண்கள் மாதம் ஒரு முறை, வாஷிங்டன் நண்பகலுக்கு. நமக்கு இரவு ஒன்பதரை. அங்கே குளிர்காலம் என்றால் பத்தரை. அமெரிக்க அரசு நிதியில்லாமல் முடங்கினால் அதுவும் வராது. 2013 அக்டோபர் அறிக்கை அப்படித்தான் போனது, 2019 ஜனவரியும் அப்படியே. வரிச் சண்டையில் இருப்பு குவிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து!

சோயா வாங்குகிறவர்கள் தாராளமாக நம்பிப் பயன்படுத்தலாம், லோக்கல் வரிசையைச் சேர்த்துப் பார்த்தால். செக்கு எண்ணெய்க்காரர்களுக்குக் கடலை, கொப்பரை எண்கள் கிடைக்கும். எள்ளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.